இரண்டு பனியன் பெட்டிகள்

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கமாட்டோம். அப்பா இதைச் சட்டம்போலவே வைத்திருந்தார். ஒருமுறை தாராபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபம் எங்கே என்று கேட்க அப்பாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஊரை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசமும் மோரும்தான் மிச்சம் இருந்தன. சர்க்கரை தீர்ந்துபோன நாட்களில் அம்மா பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகமாட்டாள். காபியை அப்படியே குடித்துக்கொள்வோம். உடம்புக்கு அதுதான் நல்லது என்பார் அப்பா. இதை வீம்பு என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. நாங்கள் கொஞ்சம் உசத்தியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் தையல்காரர். அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற துணிகளை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றபடி பார்க்கிற வேலை. அம்மாவின் கண்ணில் படாமல் ஒரு குறை தப்பிவிட முடியாது. இதனால் அதிகம் கஷ்டப்பட்டது நான்தான். காதுக்குப் பின்னால் அழுக்கு, பாவாடை ஓரத்தில் பிரிந்த நூல், பரீட்சைத் தாளில் நான் மடித்து மறைத்த மூலை எல்லாவற்றையும் இரண்டு விநாடியில் கண்டுபிடித்துவிடுவாள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு நூல் குடோன் இருந்தது. அதன் மாடியில் தன்னார்வலர் மையம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். அந்த வார்த்தை யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அது 'ஒதவி ஆபீஸ்'. குடோன்காரரின் மகள் மும்தாஜ் அக்காதான் அதை நடத்தினார். யாருக்கு என்ன செய்யத் தெரியும், யாருக்கு என்ன தேவை என்று எழுதி வாங்கி இருவரையும் சேர்த்துவைப்பதுதான் அவர் வேலை. பீகாரிலிருந்து வந்த பையன்களுக்குப் பஸ் போர்டைத் தமிழில் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வருவார். ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக்கொடுக்க ஒருவர். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக முடியாதவர்களோடு கூடப் போக ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரி அண்ணன்கள் இரண்டு பேர் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது நான் ஐந்தாவது படித்தேன். இலவசமாகப் படிப்பது எங்கள் சட்டத்துக்கு விரோதம் இல்லையா என்று அப்பாவிடம் கேட்டேன். படிப்பை யாரும் கொடுப்பதில்லை, நாமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம் என்று விளக்கம் சொன்னார்.

டியூசன் முடிந்ததும் என்னைக் கூட்டிப்போக அம்மா வருவாள். அந்த மாதத்தில் அவளுக்கு என்ன ஆயிற்றோ, அரை மணி நேரம் முன்னாலேயே வந்து இரும்புப் படிக்கட்டுக்குக் கீழே, நூல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகள் என்னைச் சீண்டினார்கள். எனக்கு மானம் போயிற்று. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, போ என்று கத்துவேன். அவள் மேலே பார்த்துச் சிரித்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவாள்.

மும்தாஜ் அக்காவின் மேசை மேல் இரண்டு பனியன் பெட்டிகள் இருக்கும். ஒன்றில் உதவி செய்ய வந்தவர்களின் கார்டுகள், மற்றதில் உதவி கேட்டு வந்தவர்களின் கார்டுகள். கார்டு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பனியனை மடிக்கும்போது உள்ளே வைப்பார்களே, அந்த அட்டையை வெட்டி வைத்திருந்தார். அதில் பெயர், தெரு, கிழமை, என்ன காரியம் என்பது மட்டும் இருக்கும். கேட்டது யார், கொடுப்பது யார் என்று அட்டையில் ஒரு புள்ளிகூட வைக்க விடமாட்டார். வெவ்வேறு நிறத்தில் அட்டை வைத்தால் சுலபமாக இருக்குமே என்று டியூசன் அண்ணன் ஒருமுறை சொன்னார். அக்கா கேட்கவில்லை.

"மேசை மேல கெடக்கற அட்டைய யாரு பார்த்தாலும் இவங்க கேக்க வந்தவங்கன்னு தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சா அடுத்த தடவ வரமாட்டாங்க" என்றார்.

ஆள் அனுப்பும்போதும் அப்படித்தான். ஒரு துண்டுச் சீட்டில் நாள், நேரம், இடம், எதிரில் வருகிறவர் பெயர், அடையாளம். அவ்வளவுதான் எழுதுவார். வீட்டில் யார் எடுத்துப் படித்தாலும் உதவி செய்யப் போகிறார்களா, வாங்கப் போகிறார்களா என்று கண்டுபிடிக்க முடியாது.

என் வகுப்பில் கவிதா என்று ஒருத்தி இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. அவளுடைய புதுப் புத்தகப்பை ஒதவி ஆபீஸில் வாங்கியதாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஞாயிற்றுக்கிழமை மும்தாஜ் அக்கா இல்லை. உறவினர் கல்யாணத்துக்காகச் சனிக்கிழமையே குன்னத்தூர் போனவர், மாலைதான் வருவார் என்றார்கள். அண்ணன்கள் டீ குடிக்க இறங்கிய நேரம் பார்த்து நான் கேட்கிறவர்கள் பெட்டியைத் திறந்தேன். கவிதா வீட்டு அட்டை கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு அவள் வாயை அடைத்துவிடலாம். கவிதா வீட்டு அட்டை கிடைக்கவில்லை. என் அம்மாவின் அட்டை கிடைத்தது.

அக்கா இல்லாத நாளில் எழுதி வாங்குகிற டியூசன் அண்ணனின் கையெழுத்து. அம்மாவின் பெயர், எங்கள் லைன் வீட்டு நம்பர், புதன் காலை, ஆஸ்பத்திரித் துணை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. கவிதாவும் இதேபோலப் பெட்டியைத் திறந்து பார்த்தால் என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன். அண்ணன் பெட்டியை மாற்றிப் போட்டிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாமாவது, கேட்பதாவது? அட்டையை எடுத்து, கொடுக்கிறவர்கள் பெட்டியில் நடுவில் செருகிவிட்டு, இடத்தில் உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போட்டேன். விடை தப்பாக வந்தது.

சாயங்காலம் மும்தாஜ் அக்கா ஊரிலிருந்து வந்து பெட்டிகளைப் பார்த்திருக்கிறார். ராத்திரிச் சமையலுக்கு முன்னால் எங்கள் வாசலுக்கே வந்து என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, அம்மாவிடம் கொடு கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். புதன் ஒன்பது மணி, பெரிய ஆஸ்பத்திரி வாசல், புளியமரம், ருக்மணி, பச்சைச் சேலை. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்ன சீட்டு என்று அப்பா கேட்டார்.

"ஒருத்தங்களுக்கு ஆஸ்பத்திரிக்குத் தொணைக்குப் போகோணுமுங்க" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நம்மால் முடிந்ததை நாலு பேருக்குச் செய்ய வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேசினார். அம்மா தலை நிமிராமல் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அட்டையை நான் மாற்றி வைத்ததால்தானே இப்படி? ஒரே ஒரு கைவேலையில் அம்மாவைக் கேட்கிற இடத்திலிருந்து கொடுக்கிற இடத்துக்கு ஏற்றிவிட்டேன்.

புதன்கிழமை நடந்ததை அடுத்த ஞாயிறு அம்மாவும், அந்த ருக்மணி என்பவரும் சேர்ந்து வந்து மும்தாஜ் அக்காவிடம் சொன்னார்கள். அன்றுதான் அம்மா அந்தப் படிக்கட்டில் ஏறுவதை நான் பார்த்தேன். ருக்மணி அனுப்பர்பாளையத்துக்காரர். பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். கண்ணில் மருந்து விட்டுப் பார்ப்போம், பார்வை மங்கும், துணைக்கு ஆள் இல்லாமல் வராதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் அவரும் ஆள் கேட்டு அட்டை கொடுத்திருந்தார். அதாவது துணை கேட்ட ஒருவருக்குத் துணையாக, துணை கேட்ட இன்னொருவர் போயிருந்தார்.

புளியமரத்தடியில் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். உங்களுக்குத்தான் சிரமம் என்று அம்மா சொல்ல, எனக்கென்னங்க சிரமம், உங்களுக்குத்தான் என்று அவர் சொல்ல, கொஞ்ச நேரம் மரியாதையிலேயே போயிருக்கிறது. துணைக்கு வந்தவர் பையை வாங்கிக்கொள்வார் என்று இருவரும் காத்திருந்து, இருவரும் வாங்காததால் அவரவர் பையை அவரவரே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நீங்கள்தானே எனக்காக வந்தது என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் மரத்தடியிலேயே விஷயம் முடிந்திருக்கும். அப்படிக் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்தில் யாருக்கு என்று கேட்டதற்கு இருவரும் எனக்குங்க என்றார்கள். துணைக்கு வந்தது யார் என்று கேட்டதற்கு இருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். பேசி முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று அங்கிருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கடைசியில் ஒருவருக்கு ஒருவர் துணை என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் கண் டாக்டரின் வரிசை முதலில் வந்துவிட்டது. மருந்து விட்ட கண்ணோடு ருக்மணி, அம்மா உள்ளே போன ஸ்கேன் அறைக்கு வெளியே இரண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து, வெளியே வந்த பெண்கள் எல்லோரையும், நர்ஸ் உட்பட, முடிஞ்சுதுங்களா என்று கேட்டுக் கையைப் பிடித்திருக்கிறார். இதை அவர் எழுந்து நின்று நடித்தே காட்டினார். டியூசன் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மும்தாஜ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. இரண்டு பெட்டிகளையும் இழுத்து ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தார். கொடுக்கிறவர்கள் பெட்டியிலிருந்து அம்மாவின் அட்டையை எடுத்தார். எழுதி வாங்கிய அண்ணன், நான் இதில் போடவில்லையே என்றார். நான் பதினேழாம் வாய்ப்பாட்டை, அது எனக்குப் பாதிதான் தெரியும், உதடு மட்டும் அசைய ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் பார்வை அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. என்மேல் நின்றதா என்று தெரியாது. நான் நிமிரவில்லை.

"எங்கிட்டத்தான் தப்பு நடந்து போச்சுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு, இந்த அட்டையை எந்தப் பெட்டியில் போடட்டும் என்று கேட்டார்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டுலயும் ஒவ்வொண்ணு எழுதிக்கோங்க" என்றாள்.

இத்தனை பாடுபட்டு ஏற்றிவிட்டும் இவள் திரும்பக் கேட்கிற பெட்டிக்கே போகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சும்மா ஒரு செக்கப் கண்ணு என்றாள். செக்கிங் பண்ணுகிறவளுக்கே செக்கப்பா என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டு அதை மறந்துவிட்டேன்.

ருக்மணி எங்களுக்குப் பெரியம்மா ஆனார். பொங்கலுக்கு எங்கள் வீட்டு வெண்கலப் பானையைத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவார். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் அன்று நடித்துக் காட்டாத பகுதியைச் சொன்னார். அம்மாவுக்கு மார்பில் கட்டி. அதை அவளேதான் கண்டுபிடித்திருந்தாள். கண்ட நாளிலிருந்து அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சீட்டு எழுதுகிற இடத்தில் குழப்பம் என்று தெரிந்ததும் அம்மா திரும்பி நடந்திருக்கிறாள். கேட் வரை போய்விட்டாள். பெரியம்மா பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்திருக்கிறார்.

"இன்னைக்குப் போனா நான் இனி வரமாட்டனுங்கன்னு அழுதா உங்கம்மா. எனக்கு வந்த கோபத்துல, வாடி பேசாமன்னு இழுத்துட்டுப் போனேன்" என்றார்.

சாதாரணக் கட்டிதான். பிறகு ஒரு பகலில் எடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் நான் பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினேன். அம்மா வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஒரு துணை கேட்டிருக்கிறாள். அதை நான் எடுத்து மாற்றி வைத்திருக்கிறேன். பெரியம்மா வேறு மாதிரியான ஆளாக இருந்திருந்தால் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூட உட்கார்ந்து நான் மடித்து வைத்ததை எடுத்துச் சரியாக மடித்தாள். அட்டை எந்தப் பெட்டியில் கிடந்தால் என்ன கண்ணு, அதையா நான் பெரிசாக நினைக்கிறேன் என்றாள். எழுதிக்கொடுத்ததும் பாதிப் பயம் போய்விட்டதாம்.

"படியேறுனதுதான் பெரும்பாடு. மூணு ஞாயித்துக்கெழம வந்து கீழயே நின்னேன். இன்னைக்கு ஏறிப் போடலாம்னு காலைத் தூக்குனா, நீ ஜன்னல்ல நின்னுக்கிட்டு, போ போங்கற. அப்புறம் நீ இல்லாத சனிக்கெழமையாப் பார்த்துப் போயி எழுதிக் குடுத்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. நூல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று அவள் மேலே பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் என்னைக் கூட்டிப்போகத்தான் வந்து நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன்.