எங்கள் மண்டபத்தில் டிஜே கிடையாது

கோச்சடையில் நான் மேனேஜராக இருக்கும் கல்யாண மண்டபத்தில் டிஜேவுக்கு அனுமதி இல்லை. வாசலில் போர்டு இருக்கிறது. கண்ணாடி அதிர்கிறது, அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள் என்று முதலாளியிடம் சொல்லி அதை மாட்டவைத்தவன் நான். சொன்ன இரண்டும் உண்மைதான். எனக்கு வேறு காரணம் இருந்தது.

பத்து வருடத்துக்கு முன்னால் மதுரை முழுக்க அந்த இசைதான். வார்த்தையே இல்லாத வெளிநாட்டுப் பாட்டு. மெதுவாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும். உச்சியில் ஒரு நொடி நிற்கும். அப்புறம் நெஞ்சுக்கூட்டில் குத்துவதுபோல கனத்த பேஸ் அடி இறங்கும். அந்த இறக்கத்துக்காகத்தான் கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் ஷேர் ஆட்டோவில்கூட அதுதான் ஓடும். கல்லூரி விழாவுக்கு வந்தது, பிறகு ரிசப்ஷனுக்கு வந்தது, கடைசியில் காதுகுத்துக்கும் வந்தது. எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. செல்லில் ஏற்றிக் கேட்டிருக்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் வராத எனக்கு, பேச்சில்லாத பாட்டு வசதியாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் திருவாதவூரில் கட்டிக்கொடுத்த என் தங்கையின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். நான் ஒரே தாய்மாமன். பிள்ளையை என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் தானாகப் பந்தலுக்குள் போகமாட்டான். சீர்த்தட்டோடு ஊர் முகப்பில் பிள்ளையார் கோயிலில் நிற்பான். பந்தலிலிருந்து மேளம் வந்து அழைத்துப் போகும். அதுவரை தட்டைத் தரையில் வைப்பதில்லை.

அந்த முறை மேளத்தை விட்டுவிட்டு டிஜே வைத்திருந்தார்கள். டிஜே நடந்து வந்து யாரையும் அழைக்காது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பந்தல் வாசலில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்களை அடுக்கியிருந்தார்கள். நாங்கள் வெயிலில் நின்றோம். தங்கைக்குப் போன் போட்டேன். அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும். நாமே போய்விடலாம் என்றாள் மனைவி. அழைக்காமல் வரமாட்டேன் என்றேன். அரைமணி நேரம் போயிருக்கும். பைக்கில் போன ஒருவர் பார்த்துவிட்டுச் சொல்லி, தங்கையின் புருஷன் ஓடிவந்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. வாங்க."

பந்தலை நெருங்கும்போது சத்தம் சட்டென்று நின்றது. மரியாதைக்காக நிறுத்தினார்கள் என்று நினைத்தேன். மைக்கில் டிஜேக்காரன் குரல் வந்தது.

"தாய்மாமன் வந்துட்டாருப்பா. மாமா ஒரு ஆட்டத்தப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும்."

பேஸ் இறங்கியது. வாலிபர்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். தலையில் தட்டு, இரண்டு கையும் தட்டில். யாரையும் விலக்கவும் முடியவில்லை. ஆடினால் விட்டுவிடுவார்கள் என்று முழங்காலை இரண்டு தரம் மடக்கினேன். தட்டிலிருந்து தேங்காய் விழுந்து உருண்டது.

"மாமாவுக்கு இடுப்புல துரு ஏறிருச்சு போல. யாராச்சும் எண்ணெய் விடுங்கப்பா."

ஊரே சிரித்தது. ஸ்பீக்கர் அதிர்வில் பிள்ளை வீறிட்டு அழுதது. என்னைப் பார்த்ததும் இன்னும் பயந்தது. மடிக்கு வரவே இல்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்தினார். கடைசியில் அவள் சித்தப்பா மடியில் வைத்துக் காது குத்தினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது ஒரு தரம்தான் குத்துவது.

அடுத்த வருடம் இந்த மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். போர்டு மாட்டியதோடு நான் நிற்கவில்லை. தெரிந்த மற்ற மண்டப மேனேஜர்களிடமும் சொன்னேன். டிஜே வேண்டும் என்று கேட்டு வந்த வீட்டாரிடம், போன வாரம் ஒரு பெரியவருக்கு நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று பொய்கூடச் சொல்லியிருக்கிறேன். கூச்சப்படுகிற ஆள் மெதுவாகச் சொன்னால் சனங்கள் நம்புகிறார்கள்.

பிறகு டிஜே மோகம் தானாகவே விழுந்தது. கையைத் தூக்கி ஆடியவர்களே கைக்குழந்தையோடு வந்து, சத்தம் ஜாஸ்தி என்று காதைப் பொத்தினார்கள். எல்லாருக்கும் செண்டை மேளம் வேண்டும், பழைய சினிமாப் பாட்டுக் கச்சேரி வேண்டும். என்னால் விழவில்லை என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு செண்டை மேளம் உள்ளே வரும்போதும் நானே விழவைத்ததுபோல ரசித்தேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் அந்த டிஜேக்காரன் ஆபீஸுக்கு வந்தான். தொப்பை விழுந்து, தாடி நரைத்திருந்தது. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. எங்கள் மண்டபத்தைப் பதிவு செய்த ஒரு வீட்டார் ரிசப்ஷனுக்கு டிஜே கேட்கிறார்களாம். ஸ்பீக்கர்கள் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன, வயரை எலி கடிக்கிறது என்றான்.

"இந்த வருசம் கேட்டு வந்த ஒரே பார்ட்டிண்ணே. ஒருக்காப் போட்டுக் காட்டுனாத்தான் நாலு பேரு திரும்பக் கேப்பாங்க."

நான் போர்டைக் காட்டினேன். அவன் செல்லில் ஒரு வீடியோவைப் போட்டு என் முன்னால் நீட்டினான்.

"நாம போட்டா கூட்டம் எப்புடி ஆடும்னு பாருங்க. இது திருவாதவூரு. ஆடவே தெரியாத தாய்மாமனத் தட்டோட ஆட வச்சேன். இன்னைக்கு வரைக்கும் இதத்தான் எல்லாருக்கும் காட்டுறேன்."

பார்த்தேன். தலையில் தட்டோடு ஒருத்தன் முழங்காலை மடக்கினான். அவன் முகம் சிரிப்பதுபோலவே இருந்தது. அன்றைக்கு என் முகம் அப்படி இருந்தது எனக்குத் தெரியாது. பின்னால் தங்கை இடுப்பில் பிள்ளை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. அழுகைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"அது நாந்தான்" என்றேன்.

அவன் செல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணே, அது வெளையாட்டுக்குண்ணே. இப்பவே அழிச்சுர்றேன்."

"அழிக்க வேணாம். ஆனா இங்க போட முடியாது."

"அதுக்காகவா வேணாங்குறீங்க? இம்புட்டு வருசம் கழிச்சு?"

கண்ணாடி, அக்கம்பக்கம், முதலாளி என்று சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

"ஆமா. அதுக்குத்தான்."

செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அந்த வீட்டாருக்கு நானே போன் போட்டு, செண்டை மேளக்காரர் நம்பரைக் கொடுத்தேன். புது ஆளிடம் பேசினால் எனக்கு வாய் வராது. அன்றைக்கு வந்தது.