ஒற்றைக்கல் மூக்குத்தியின் கரும்புள்ளி

கரிசல் காட்டில் நீரோட்டம் என்றால் கிணறு வெட்டும் பேச்சு. ஓட்டப்பிடாரம் சாலையில் இருந்த எங்கள் காட்டில் அப்பா இரண்டு இடங்களில் தோண்டிப் பார்த்தார். இரண்டிலும் சுக்கான் பாறைதான் வந்தது. அப்படிப்பட்டவர், பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருஷம், அம்மாவுக்கு மூக்குத்தி வைரம் வாங்கக் கோவில்பட்டிக்குக் கிளம்பினார். எனக்குப் பத்து வயது. அம்மாவோடு நானும் போயிருந்தேன்.

நகைக்கடைக்காரர் வெயில் நேராக விழாத வாசல் பக்கம் எங்களை உட்கார வைத்தார். வெள்ளைக் காகிதம் ஒன்றை மடித்து, மடிப்பின் பள்ளத்தில் மூன்று கற்களை வைத்தார்.

"அண்ணாச்சி, இந்த ரெண்டும் பெருசு. ஆனா இந்தச் சின்னக் கல்லுக்கு நீரோட்டம் ஜாஸ்தி."

"நீரோட்டம் இருக்கா?" என்றார் அப்பா.

வைரத்துக்குள் ஒளி புகுந்து ஓடித் திரும்புவதை வியாபாரிகள் அப்படிச் சொல்வார்கள். அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு மற்ற இரண்டு கற்களின் பக்கம் அவர் கண் போகவே இல்லை.

"கல்லைப் பாக்கீங்களா, கிணத்தைப் பாக்கீங்களா?" என்று அம்மா கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

வைரம் குடும்பத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க, வழக்கப்படி அதைக் காகிதத்தில் மடித்து மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தோம். ஆடு, மாடு, ஆள் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல் மூக்குத்தியில் ஏறியது. அம்மா பருத்தி எடுக்கக் குனிந்து நிமிரும்போதெல்லாம் அது வெயிலில் வெட்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் நான், அவள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்பதைத் தூரத்திலிருந்தே அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன்.

குறையைக் கண்டவள் அத்தை, அப்பாவின் அக்கா. ஒரு பொங்கலுக்கு வந்தவள் அம்மாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ஏட்டி, கல்லுக்குள்ள கரும்புள்ளி கெடக்கு. இதையா மூக்குல போட்டுக்கிட்டு அலையுத?"

"உங்க தம்பி பாத்து வாங்குனது, மதினி. அவியகிட்ட கேளுங்க."

"தண்ணியில்லாத எடமாப் பாத்துக் கிணறு வெட்டுனவன். அவனையா கேக்கச் சொல்லுத?"

கரும்புள்ளி உள்ள வைரம் தோஷம் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. ஆனாலும் அம்மா கழற்றவில்லை. பல வருஷம் கழித்து அப்பா இறந்தபோதுதான், ஊர் வழக்கப்படி கழற்றினாள். அன்று அத்தை, "அன்னைக்கே சொன்னேன்" என்றாள். அந்த இரண்டு வார்த்தையை அம்மா பிறகு யாரிடமும் சொன்னதில்லை. மூக்குத்தியை மஞ்சள் துணியில் முடிந்து பீரோவின் அடித்தட்டில் போட்டுவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் அந்த மூக்குத்தியைத்தான் கேட்டாள். அம்மாவுக்குக் கொடுக்கவும் ஆசை, கொடுக்கவும் பயம். செய்தித்தாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்போதுதான் நான் ஊருக்கு வந்திருந்தேன்.

"நீ பேப்பர் ஆபீஸ்காரி. அந்தப் புள்ளி நெசந்தானான்னு எழுத்துல வாங்கிட்டு வா. அத்தை சொன்ன மாதிரி இருந்துச்சுன்னா பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன்."

பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய மூக்குத்தி அது. கட்டியபடியே வைத்துத் தரம் போட முடியாது என்பதால், ஆசாரியிடம் கல்லைத் தனியாகப் பிரித்து வாங்கிக்கொண்டு மதுரையில் ஒரு சோதனைக்கூடத்துக்குப் போனேன். சோதித்த பெண்ணுக்கு என் வயதில் பாதி இருக்கும். எடை, நிறம், தெளிவு, பட்டை என்று நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிறத்துக்கு ஆங்கில எழுத்து. நிறமே இல்லாத கல் 'டி'. அங்கிருந்து 'இஸட்' வரை மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். எங்கள் கல்லைக் கவிழ்த்து வைத்து, மாதிரிக் கற்களின் வரிசையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு 'கே' என்றாள். பட்டை பழைய கைவேலை, ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்றாள்.

"நீரோட்டம்?" என்று கேட்டேன்.

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்ல மேடம். பட்டை ஒழுங்கா இருந்தா வெளிச்சம் திரும்பி வரும்."

பிறகு பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் என்னையும் பார்க்கச் சொன்னாள். ஓரத்தில் ஒரு கருந்துகள். அத்தை பார்த்தது உண்மைதான்.

"கல்லு உருவாகும்போதே உள்ள மாட்டிக்கிட்ட வேற கனிமம். ஒண்ணுமே இல்லாத கல்லு ரொம்ப அபூர்வம் மேடம்."

தெளிவுக்குப் பதினோரு படிகள். மேலிருந்து எண்ணினால் எங்களுடையது எட்டாவது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் சான்றிதழை மூன்று முறை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் தலைப்புக் கிடைக்கவில்லை.

அம்மா அதிலிருந்த கல்லின் படத்தைத்தான் பார்த்தாள். ஒரு வட்டம், உள்ளே கோடுகள், ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி.

"கரும்புள்ளின்னுல்லா சொன்னாவ? இங்க செவப்பால்லா போட்டிருக்கு?"

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"உள்ள இருக்கதைச் செவப்புலதான் வரைவாங்களாம்மா. கல்லுல கருப்புதான்."

அவள் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள். விரல் நுனியில் அது மறைந்துபோனது.

"இம்புட்டுத்தானா?"

"படமே பெருசாக்கிப் போட்டதும்மா."

"கல்லு பூராவும் கருத்துக் கெடக்குன்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன். உங்க அப்பா போன பொறவு அதை வெளிச்சத்துல வச்சுப் பாக்கவேயில்லட்டி."

மறுநாள் ஆசாரியிடம் அம்மாவும் வந்தாள். பின்பக்கம் திறந்தபடி புதிதாகக் கட்டச் சொன்னோம். அவர் கல்லை இடுக்கியில் பிடித்துப் பார்த்தார்.

"ஆச்சி, புள்ளி ஓரத்துலதான் இருக்கு. கல்லைப் பிடிக்கிற கவ்வுக்கு அடியில வச்சுக் கட்டிட்டா ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

"நாளைக்கு ஒருத்தி கண்டுபிடிச்சா, மறைச்சுக் குடுத்துட்டாவன்னு சொல்லுவா. வெளிய தெரியுத மாதிரியே கட்டும்."

ஆசாரி என்னைப் பார்த்தார். அம்மா சொன்னபடியே கட்டச் சொன்னேன். புள்ளி இரண்டு கவ்வுகளுக்கு நடுவே வரும்படி அவர் கல்லைத் திருப்பி உட்கார வைத்தார்.

அண்ணன் மகளைக் கூப்பிட்டு மூக்குத்தியைக் கையில் கொடுத்ததும் அம்மா முதலில் காட்டியது அந்தப் புள்ளியைத்தான். அவள் ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க ஆச்சி? ஒண்ணுந் தெரியலையே."

"நல்லாப் பாரு. அங்கனதான் கெடக்கும்."