கூடுதலாக ஓர் அடுக்கு

எங்கள் படகுப் பட்டறையில் அவளுக்கு ‘இஸ்திரி அக்கா’ என்று பெயர். கார்பன் துணியை அச்சில் விரித்து, ரெசின் பசை பூசி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். சுருக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. “என் மூஞ்சியையும் கொஞ்சம் தேய்ச்சு விடேன்” என்று கிழட்டு பெயிண்டர் கெஞ்சுவார். “அவ்வளவு ரெசின் ஸ்டாக் இல்ல” என்பாள்.

பதினேழு வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, நாலு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் “அவன் தலையெடுக்கட்டும்” என்று தள்ளிப்போட்டாள். அவனும் தலையெடுத்து மீன்பிடிக்கப் போனான். அதற்குள் இவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

அவனுடைய படகை எங்களிடமே செய்யக் கொடுத்தான். கடலில் வெகுதூரம் தனியாகப் போகிறவன். ஆபத்தென்றால் ஒரு பொத்தானை அமுக்கினதும் கரைக்குச் செய்தி வர வேண்டும். ஆண்டெனாவை வெளியே நீட்டி வைத்தால் வலைக்கயிறு சிக்கி முறிந்துவிடும். அதனால் ஆள் ஏறி நின்றாலும் தாங்குகிற கூரைக்குள்ளேயே, உள்ளங்கை அகலத்துக்கு, அதைப் புதைத்தேன். சுற்றிலும் கறுப்புக் கார்பன். ஆண்டெனாவுக்கு மேலே மட்டும் வெள்ளைக் கண்ணாடி இழைத் துணி. பட்டறை இன்ஜினியர் நான்; வரைபடத்தில் அப்படித்தான் போட்டேன். காரணம் எழுதவில்லை. எங்களைப் போலப் படித்தவர்களுக்கு விளக்கம் சொன்னால் வாய் தேய்ந்துவிடுமே!

கூரையைப் பொருத்தி, பெயிண்ட் அடித்தபின் சோதித்தேன். சோதனைக் கருவி சிக்னலை வாங்கியது. பத்தடி தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாம் மாதம் நடுக்கடலில் இன்ஜின் நின்று, படகு காற்றோடு போனது. எட்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டு புயலில் அடிபட்டும் படகில் ஒரு கீறல் இல்லை. குடிதண்ணீர் தீர்ந்து அவன் உள்ளே செத்துக் கிடந்தான். பொத்தான் அமுங்கியபடியே இருந்தது.

செய்தி ஏன் வரவில்லை என்று பார்க்கக் கூரையைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். “நீங்க இங்க இருக்க வேணாம்க்கா” என்றேன். அவள் நகரவில்லை. பெயிண்டைச் சுரண்டினேன். வெள்ளை தெரிய வேண்டிய இடத்தில் கறுப்பு.

“அது நான் போட்டதுதான் சார்” என்றாள். “நடுவுல வெள்ளைத் துணி இருந்தா அங்க மட்டும் பலம் கொறையுமோன்னு பயம். தம்பி ஏறி நிக்கிற எடமாச்சே. நீங்க பாத்துட்டுப் போனப்புறம் ஒரு அடுக்கு சேத்துட்டேன். அதனாலதான் சார் உடையாம இருந்துச்சு.”

அவளுக்கு மிஞ்சியிருந்த ஆறுதல் அது ஒன்றுதான். பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் மேசையில் அடுத்த படகின் கூரை, பாதி அடுக்கிய நிலையில், காத்திருந்தது. அந்தப் படகிலும் யாராவது போவார்கள்.

“கார்பனைத் தாண்டி சிக்னல் தூரம் போகாதுக்கா. அதுக்காகத்தான் அங்க வெள்ளைத் துணி.”

கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாதே சார்” என்றாள். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேனே.”