அண்டியாபீஸின் சோதனை நடை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. "எஞ்சினியரிங் படித்தவள் பேய் என்கிறாளே" என்று சிரிப்பவர்கள், ஒரு மழை நாளில் அந்த நடையில் தனியாக நடந்துவிட்டு வந்து சிரிக்கட்டும். இது எனக்கு நடந்தது. அதுவும் நடுப்பகலில்.

கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு முந்திரி ஆலை. அண்டி என்றால் முந்திரிக்கொட்டை; ஊரில் ஆலையை அண்டியாபீஸ் என்பார்கள். மூடிக் கிடந்த அதைத்தான் வீடுகளாகவும் கலைக்கூடமாகவும் மாற்றிக்கொண்டிருந்தோம். நான் சைட் எஞ்சினியர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. என் அம்மா அதே ஆலையில் குத்தவைத்து அண்டி உடைத்தவள். அவள் இடுப்பொடிந்த கூடத்தில் இப்போது ஏசி, சிற்பம், விலை கேட்டால் தலைசுற்றும் காப்பி. அடுத்தவள் வறுமைக்கு வெள்ளையடித்தால் அது கலையாகிவிடுகிறது.

ஆலை வாசலில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய நடை. ஓர் ஆள் அகலம்தான். வேலை முடிந்து போகிற பெண்களை அங்கே ஒவ்வொருத்தியாக நிறுத்திச் சோதிப்பார்கள். கொண்டையை அவிழ்க்க வேண்டும். மடியை உதற வேண்டும். பருப்பு ஒளித்திருக்கிறாளா என்று. அதை இடித்துத் தள்ளுங்கள் என்றேன். ஆர்க்கிடெக்ட் அனூப் கேட்கவில்லை. 'நினைவு நடை' என்று பெயர் வைத்து, மஞ்சள் விளக்குப் போட்டார். இனி எல்லோரும் அது வழியாகத்தான் உள்ளே வர வேண்டுமாம்.

ஊழியர் என்பதால் எனக்கும் அங்கே ஒரு வீடு கிடைத்தது. என் அக்காவை அவள் புருஷன் வீட்டார் கைக்குழந்தையோடு வெளியே தள்ளியிருந்தார்கள். தம்பானூரில் ஒரு லாட்ஜ் அறையில் கிடந்தாள். இந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு கூரை கிடையாது.

வெள்ளிக்கிழமை. மதியம் 12.50. மழை. கரண்ட் இல்லை. குழந்தைக்கு வாங்கிய புதுத் தொட்டில் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நடைக்குள் நுழைந்தேன்.

பாதி தூரத்தில் ஒரு நாற்றம். சுட்ட அண்டியின் எண்ணெய் நாற்றம். கழுவி, பூசி, பெயிண்ட் அடித்த சுவரில்...

பின்னால் மூச்சு.

நின்றேன்.

கொண்டை அவிழ்ந்தது. தானாக அல்ல. முடிக்குள் விரல்கள்... பிறகு இடுப்பில். தட்டித் தட்டி.



துணியின் ஒரு மடிப்பு விரிந்தது. இன்னொன்று... மெதுவாக...

உள்ளே ஒன்றும் இல்லை.

ஒரு விசும்பல்.

வெளியே ஓடி வந்துதான் துணியைப் பார்த்தேன். கறுப்பு விரல் தடங்கள். 'செத்தும் கம்பெனிக்கு உழைக்கிறாள் பார், சோதனைக்காரி' என்று திட்டினேன். பிறகுதான் உறைத்தது. சோதிக்கிறவள் அண்டியைத் தொடமாட்டாள். அவள் கை சுத்தமாக இருக்கும். இது உடைக்கிறவளின் கைக்கறை. அம்மாவின் கையில் பார்த்து வளர்ந்த கறை.

அனூப்பிடம் காட்டினேன்.

"கொள்ளாமே, நல்லாருக்கே. முந்தாநாள் பாக்க வந்த ரெண்டு லேடீஸும் முடி அவுந்து போச்சுன்னாங்க. ஓப்பனிங்குக்கு இதவிட என்ன வேணும் ஆர்ஷா?"

"கைக்குழந்தைய இந்த வழியா கொண்டு வர முடியாது சார்."

"பின்னே பறந்து வருமோ? பி.டெக் படிச்ச ஆளல்லே நீ."

அவருக்குப் பேயும் ஓர் அலங்கார விளக்கு.

ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் குழந்தையையும் பின்பக்க லாரி கேட் வழியாகக் கொண்டு வந்தேன். பூட்டின் சாவி என்னிடம்தான் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை அழக்கூட இல்லை. பேயை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அம்மா நாகர்கோவிலிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தாள். அந்த ஆலையைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பிள்ளைய எந்த வழியாட்டி கொண்டு போன?"

"லாரி கேட்டு."

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொர்ணம்னு ஒருத்தி எங்ககூட அண்டி ஒடச்சா. பெத்த ஒடம்போட வேலைக்கு வந்தா. பிள்ளைய உள்ள கொண்டு வரக்கூடாதுல்லா, சாக்குக்கு எடையில ஒளிச்சுக் கெடத்தியிருந்தா. சாக்கோட சாக்கா லாரியில ஏத்திட்டானுவ. அந்த கேட்டு வழியாத்தான் போச்சு மக்ளே. கம்பெனிக்குத் தெரியும். சொல்லல. இவ, எவளோ எடுத்துட்டான்னு நெனச்சு, சாவுற வரைக்கும் நடையில நிண்ணு போறவ வாறவ மடியெல்லாம் தேடினா."

என் ஃபோன் அடித்தது. அனூப்.

"நீ நடையில என்ன பண்ணின ஆர்ஷா? ஞாயிற்றுக்கிழமைக்கு மேல ஆரையும் ஒண்ணும் தொடல்லியே. ஓப்பனிங் நேரத்துல இப்படியா?"

தேடியது கிடைத்தால்தானே தேடுகிறவள் நிறுத்துவாள்.

அக்காவும் குழந்தையும் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். எங்களுக்கு வேறு வீடு இல்லை.