அப்பருக்கு எதிர்ச்சொல்

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது முறைக்காக, டியூட்டி முடிந்து வந்த களைப்போடு போனில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ‘அப்பர்’ என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டது. என் விரல் தானாக ‘சோல்’ என்று அடித்தது. தவறு என்று சிவப்பில் வந்தது.

நாலாம் வகுப்பிலும் இதையேதான் எழுதினேன். சொல்லித் தந்தவள் அம்மா. மாதனூர் பக்கம் ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைப்பவள். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து பசை வாடையோடு இறங்கியவளிடம் பரீட்சைத் தாளை நீட்டினேன்.

“இதுல இன்னா தப்பு? மேல அப்பர், கீழ சோல். தெனம் பாக்குறேனே.”

“லோயர்னு எழுதணுமாம். கிளாஸே சிரிச்சிச்சி. உனக்கு இங்கிலீஷ் தெரியாது, இனிமே சொல்லித் தராத.”

அம்மா தாளை மடித்துக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள். அதுவரை லைனிங், ஹீல், டங் என்று ஷூ பாகங்களின் பேர்களை ஓயாமல் பேசியவள், பிறகு வீட்டில் ஒரு ஆங்கில வார்த்தைகூடச் சொன்னதில்லை.

இப்போது எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பருக்கு எதிர்ச்சொல் இன்னா?”

இன்னொரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள்.

“எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதேம்மா” என்றாள், தலை நிமிராமல்.