பழைய தேதியில் ஓடிய கடை

எம்பிராய்டரி அக்காவின் கடையில் காலையில் முதல் வேலை ஷட்டரைத் தூக்குவது. அடுத்த வேலை, கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளுவது. பூவேலை வரைகிற சாஃப்ட்வேர், சில நாள் இலவசமாகப் பார்த்துக்கொள்ளத் தரப்பட்டது. அந்த நாட்கள் முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் வித்தையைக் கம்ப்யூட்டர் மெக்கானிக் சொல்லிக்கொடுத்திருந்தார். ஊரெல்லாம் வருஷம் மாறியும் அந்த மேசையில் மட்டும் ஒரே மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

தேதி பொய்யானால் இணையம் முரண்டு பிடிக்கும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் சிவப்புப் பக்கம் ஒன்று வந்து, இது பாதுகாப்பானதல்ல என்று மிரட்டும். அக்கா அசரமாட்டாள். கீழே பொடி எழுத்தில் இருக்கும் 'தொடர்க' என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

கம்ப்யூட்டரில் இடமில்லாததால், வரைந்ததையெல்லாம் இலவச மெயிலோடு கிடைத்த சேமிப்பில் போட்டுவைத்திருந்தாள். கொடி, இலை, குருவி என்று கண் பூத்துப்போக அவளே வரைந்தவை. வேறு கடையில் கிடைக்காத அந்த டிசைன்களுக்காகத்தான் ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

ஒருநாள், சேமிப்பு நிரம்பிவிட்டது, உடனே உள்ளே வராவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று மெயில் வந்தது. பதறிப்போய் அழுத்தினாள். சிவப்புப் பக்கம் வந்தது. வழக்கம்போல் தாண்டினாள். கடவுச்சொல்லைத் தட்டினாள். மத்தியானத்துக்குள் கணக்கு யார் கைக்கோ போய்விட்டது.

"சிவப்பா வந்துச்சே, பாக்கலியா?" என்றாள் கூட வேலை பார்க்கும் தங்கை.

"தினம்தான் சிவப்பா வருது. இன்னிக்கு நெஜமாவே வந்திருக்குன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

கணக்கை மீட்டுத் தரும்படி கேட்டபோது, மெயில் தளம் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டது. முகம் தெரியாதவர்களிடம் எதற்கு உண்மையைச் சொல்வதென்று, கணக்கு தொடங்கிய அன்று இரண்டையும் வாய்க்கு வந்தபடி போட்டிருந்தாள். அன்று சொன்ன பொய் இப்போது நினைவுக்கு வரவில்லை. உண்மையைப் போட்டுப் பார்த்தாள். இது நீங்கள் இல்லை என்றது. போன் போட்டுக் கேட்கலாமென்றால் எண்ணே கிடையாது.

"காசு குடுத்திருந்தா, சண்டை போடவாவது ஒரு ஆள் இருந்திருப்பான்."

"சாஃப்ட்வேருக்கும்தான் நீ குடுக்கலை," என்றாள் தங்கை. அக்கா முறைத்தாள்.

மறுநாள் யாரும் தேதியைத் தொடவில்லை. சாஃப்ட்வேர் திறக்க மறுத்தது. அதன் சின்னப் பதிப்பை மாதச் சந்தா கட்டி எடுத்தார்கள். வரைய இடம் கிடைத்தது, வரைந்ததுதான் ஒன்றுமில்லை. அக்கா பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, தைத்துக் கொடுத்த துணி இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தாள். சிலர் தானம் கொடுத்திருந்தார்கள், சிலர் கிழித்துத் தரை துடைத்திருந்தார்கள்.

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் மட்டும் குருவியும் கொடியும் போட்ட படுக்கை விரிப்பை மடித்து எடுத்துவந்தார். அக்கா அதைப் புரட்டி, நூல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் ஓடியிருக்கிறதென்று பின்புறம் பார்த்தாள்.

"குடுத்துட்டுப் போறேன்மா. ஆனா என் குருவிய எனக்கே மறுபடி வித்துடாதே," என்றார் டீச்சர்.

"உங்களுக்கு ஒரு குருவி சும்மாவே போட்டுத் தரேன் டீச்சர்," என்றாள் அக்கா, வால் பக்கத்திலிருந்து வரையத் தொடங்கிக்கொண்டே.