நீலத் தார்ப்பாய்க்கு முன்னால்

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. தண்டையார்பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவன் நான், கல்யாணம், காது குத்து, சாவு எல்லாம் எடுப்பேன், சுடுகாட்டு வாசலில் நின்று டீ குடித்திருக்கிறேன், பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் போய் வேலையைப் பார் என்று எழுந்துவிடுகிற ஆள். இதையும் பேய் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் செல்வம் எண்ணூரில் கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்தான். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான், போய்விட்டான். மறுநாள் மதியம் வீட்டு வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டி, ஐஸ் பெட்டியில் அவனைப் படுக்கவைத்து, தெருமுனையில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு பூராவும் மரத்துக் கிடந்தது, யார் வந்து கட்டிப் பிடித்தாலும் சரி சரி என்று முதுகைத் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள். நானும் அண்ணனும் சேர்ந்திருக்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை, ஊரையே படம் எடுக்கிறவன் தன் வீட்டுப் படத்தில் எப்படி இருப்பான்.

"பொட்டிய எடுக்கறதுக்கு முன்னாடி அவன்கூட நின்னு ஒண்ணு எடுத்துக்க நைனா. அப்பால எனக்கு இன்னா கீது" என்றாள்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் உடம்போடு நின்று படம் எடுப்பது வழக்கம்தான், அதனால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. ஆனால் கேமரா பட்டனை அமுக்குவது யார்? டோல்கேட் ஏரியாவில் செல்போன் கடை வைத்திருக்கும் என் தோஸ்து பஷீர் காலையிலிருந்து கூடவே இருந்தான், அவன் கையில் கேமராவைக் கொடுத்தால் எல்லார் தலையையும் வெட்டிவிடுவான். ஸ்டாண்டில் வைத்து நானே ரிமோட்டில் எடுக்கலாம். தீப்பெட்டி அளவுதான், உள்ளங்கையில் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் படம் எப்படி வந்தது என்று ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும், அதற்கெல்லாம் நேரமில்லை, தூக்குவதற்கு ஆட்கள் தயாராகிவிட்டார்கள். போதாததற்குப் பெரியப்பா வேறு, பொணத்துப் பக்கத்தில் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாயா என்று முறைத்தார். ஸ்டாண்டில் வைத்த கேமராவைக் கேபிள் போட்டு லேப்டாப்பில் இணைத்தால் எடுக்கும் முன்பே முழுப் படமும் திரையில் தெரியும், பஷீர் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். கேபிளே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு ரிமோட்டை எடுத்திருந்தால் இன்று உங்களிடம் சொல்வதற்கு எதுவுமே இருந்திருக்காது.

எல்லாரையும் விலகச் சொல்லி, பெட்டி மூடியைத் திறந்து, அண்ணன் தலைமாட்டில் நின்றேன். கேமரா முகத்தைத் தானாகக் கண்டுபிடித்து திரையில் அதன்மேல் சின்னதாய் வெள்ளைக் கட்டம் ஒன்று போடும், என் முகத்தில் கட்டம் விழுந்ததும் தட்டு என்று பஷீரிடம் சொல்லியிருந்தேன். கண் மூடிப் படுத்திருப்பவர்கள் முகத்தில் என் கேமரா கட்டம் போட்டதே இல்லை, எத்தனையோ சாவு எடுத்ததில் எனக்குத் தெரியும்.

பஷீர் தட்டவில்லை. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான். கேபிள் கழன்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"மாமு, ஒம் பக்கத்துல யாரு நிக்கிறாங்க?" என்றான்.

"யாரும் இல்லடா."

"ரெண்டு கட்டம் கீது மாமு."

நானே போய்ப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், நான் விலகியதும் என் கட்டம் போய்விட்டது, இன்னொன்று போகவில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், என்னைவிடக் கொஞ்சம் உயரத்தில், வெறும் தார்ப்பாய்க்கு முன்னால் அப்படியே நின்றது. லென்ஸைத் துடைத்தேன், கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினேன், கட்டம் அங்கேயேதான் இருந்தது. அண்ணன் என்னைவிட உயரம். எனக்குப் பயம்கூட வரவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. திரும்பிப் போய் நின்று, தட்டு என்றேன், தட்டினான். கட்டம் திரையோடு சரி, படத்தில் பதியாது, அதனால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. படத்தில் நான், பெட்டியில் அண்ணன், பின்னால் தார்ப்பாய்.

அதற்குப் பிறகு நான் கேபிள் தொடுவதில்லை. எல்லாம் ரிமோட்தான்.

காரியம் முடிந்ததும் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கட்டத்தைப் பற்றி அவளிடம் நானும் சொல்லவில்லை, பஷீரும் சொல்லவில்லை. கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்க்கிறவள் அவள். ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா வந்துகீது. பொட்டி வோணாம்டா, அத்த வெட்டிட்டு நீங்க ரெண்டு பேரும் நிக்கிறத மட்டும் மாட்டு" என்றாள்.

படத்தில் நிற்பது நான் ஒருத்தன்தான். வெட்டி மாட்டினேன். பாதியில் நான் நிற்கிறேன், மீதிப் பாதி தார்ப்பாய். போன வாரம் அதற்குப் பூ வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் ஒன்னியேதான் பாத்துகினு கீறான். நீ இன்னாத்துக்குடா வேற பக்கம் பாத்துகினு நிக்கிற?"